தொம்மையின் தொண்டையும் மெரினின் காதும்

செப்டம்பர் 3, புதன்

சொல்வது நான், எழுதுவது மைதீன். நான் என்றால் தொம்மைப் பர்னாந்து, திரேஸ்புரம் மீன் ஏலக்கூடத்தில் ஆயுசுக்கும் ஏலம் கூறியவன். மைதீன் அதே ஏலக்கூடத்தில் என் கால்மாட்டில் பெட்டி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதியவர். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் கேட்டது மறக்காது. அவருக்கு எழுதினால்தான் எதுவும் நிற்கும். சாப்பிட்டதை எழுதி வைக்காவிட்டால் மறுபடியும் சாப்பிடுவார். இதை எழுத மாட்டேன் என்கிறார். எழுதினாரா என்று மருமகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்த டைரியை வாங்கி வந்தது மருமகள் கில்டாதான். பேத்தி மெரினுக்கு ஒன்பது மாசம். அதற்குள் மூணு தடவை காதுக்குள் சீக்கு வந்துவிட்டது. சளி பிடிக்கும், பின்னாலேயே காய்ச்சல், பின்னாலேயே காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகை. டாக்டர் இசக்கியம்மாள் சொல்லிவிட்டார்: எப்போது சளி, எப்போது காய்ச்சல், எந்த மருந்து, எல்லாம் எழுதி வையுங்கள் என்று. கில்டா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லீவு முடிந்துவிட்டது. மகன் ரீகன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறான். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து நாளாகிறது. ஆக, பகல் முழுக்க வீட்டில் பிள்ளையும் நானும்தான்.

"எழுதவெல்லாம் வேண்டாம் கில்டா, எல்லாம் என் மனசுல நிக்கும். புயல் வந்த வருஷம் எந்த வள்ளத்துச் சீலா மீன் யார் கூடைக்குப் போச்சுன்னு இப்பமும் சொல்லுவேன்."

"டாக்டருக்குச் சீலா வேண்டாம் மாமா. காய்ச்சல் வேணும்."

அதனால் மைதீன். தினம் மத்தியானம் பிள்ளை தூங்கும்போது வருவார். மேல் வரியில் காய்ச்சலும் மருந்தும். கீழே என் பேச்சு. கில்டாவுக்கு மேல் வரி போதும்.

இன்று காய்ச்சல் இல்லை. காதை ஒரு தடவை இழுத்தாள். என் மீசையையும் இழுத்தாள். அதைச் சீக்கில் சேர்க்க முடியாது.

செப்டம்பர் 5, வெள்ளி

பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் சலேத்துக்கும் கில்டாவுக்கும் காலையில் சண்டை. சலேத்து குளிப்பாட்டி முடித்ததும் காதில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதுவாள். கில்டா எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டாக்டர் கூடாதுன்னு சொல்லியாச்சு அக்கா. காதுல எண்ணெயும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்."

"உன் மாப்பிள்ளைக்கும் நான்தான் விட்டேன். அவன் கப்பல் ஓட்டலியா?"

"அவர் கப்பல் ஓட்டலக்கா. கீழ இன்ஜின் ரூம்ல இருக்கார்."

"பின்ன என்ன, இன்னும் நாலு சொட்டு விட்டிருந்தா மேல போயிருப்பான்."

நான் சிரித்துவிட்டேன். மெதுவாகத்தான் சிரித்தேன். மூணாம் வீட்டுப் பிலோமினா, "தொம்மை மாமா, என்ன வேடிக்கை?" என்று அங்கிருந்தே கேட்டாள். "மாமா, கொஞ்சம் மெதுவா," என்றாள் கில்டா. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது இதைச் சொல்கிறாள். என்ன செய்ய? அலைச் சத்தத்துக்கு மேலே, மோட்டார்ச் சத்தத்துக்கு மேலே, ஏலம் எடுக்க வந்த பெண்களின் சத்தத்துக்கும் மேலே கூவி வளர்ந்த தொண்டை. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது.

செப்டம்பர் 11, வியாழன்

மூக்கு ஒழுகுகிறது. உடம்பு சுடுகிறது. கில்டா மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து வந்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்திருக்கிறார். மைதீன் பாட்டிலைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார்.

பிள்ளை பாலை வாயில் வைத்து ரெண்டு இழுப்பு இழுக்கிறது, வீலென்று கத்துகிறது. பசி இருக்கிறது, விழுங்கினால் வலிக்கிறது. படுக்கப் போட்டால் இன்னும் மோசம். நிமிர்த்தித் தோளில் போட்டால் கொஞ்சம் அடங்குகிறது. என் தோள் தேவலாம் போலிருக்கிறது. சாயங்காலம் முழுக்க அங்கேதான் கிடந்தாள். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கை மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எங்கள் தெருவில் சிலுவை நட்ட சின்னக் கோயில், குருசடி. அதற்கு இன்று திருவிழா. சாயங்காலப் பூசை முடிந்ததும் சனங்கள் நேர்ச்சையாகக் கொண்டுவந்து வைத்ததை ஏலம் விடுவது வழக்கம். சேவல், பூசணிக்காய், வாழைத்தார், ஒரு சிப்பம் உப்பு. ஏலம் கூற வேறு ஆளா இருக்கிறது? "தொம்மை மாமா வாங்க" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பிள்ளை என் இடுப்பில் இருந்தாள். காலையிலிருந்து சிணுங்கல், காய்ச்சல் விடவில்லை. கீழே விட்டால் அழுவாள். அதனால் அவளோடேயே மேடை ஏறினேன்.

மைக்கை நீட்டினார்கள். மைக்கா? எனக்கா? தள்ளி வைத்தேன்.

சேவலைத் தூக்கிப் பிடித்து ஒரு குரல் கொடுத்தேன் பாருங்கள். சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தினாள். என் வாயையே பார்த்தாள். ரெண்டாம் தரம் கூறினேன். கெக்கெக் என்று சிரித்தாள். மூணாம் தரம் கூறும்போது கையைத் தூக்கிவிட்டாள். "ஏலம் மெரினுக்கு!" என்று கூட்டம் கத்தியது. சேவலை எடுக்கவென்றே வருஷா வருஷம் வரும் மைதீனுக்கு முகம் செத்துவிட்டது. கடைசியில் அவருக்கே விட்டுக்கொடுத்தாள். அவள் எடுத்திருந்தாலும் மசாலா அரைக்க அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே தூங்கிப்போனாள். வலி ஓடியே போய்விட்டது என்று கில்டாவிடம் சொன்னேன். "தாத்தா தொண்டை மருந்துக்கும் மேல" என்றும் சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

காது வடிகிறது. மஞ்சளாக, கொஞ்சம் ரத்தத்தோடு. காலையில் தலையணை உறையில் கறை. கில்டா ஸ்கூட்டரில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "செவிச் சவ்வுல ஓட்டை விழுந்திருக்காம் மாமா. அழுத்தம் தாங்காமக் கிழிஞ்சிருக்கு."

"எப்பமாம்?"

"நேத்து சாயங்காலமா இருக்கும்னு சொல்லுதாங்க. சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. காதுல தண்ணி போகக் கூடாது. நான் ஸ்கூலுக்கு ஓடணும் மாமா, மத்ததை வந்து சொல்லுதேன்."

நேற்று சாயங்காலம்.

ஏலக்கூடத்துக்கு எதிரே செல்லையாவின் டீக்கடை இருந்தது. ஒரு நாள் நான் பெரிய சுறாவுக்கு ஏலம் கூறியபோது அவர் கையிலிருந்த கண்ணாடி கிளாஸ் விண்ணென்று விரிந்தது. தொம்மை குரலில் கிளாஸ் உடைந்தது என்று கடற்கரை முழுக்கப் பேச்சு. நானும் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தேன். மைதீனிடம் அதை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஏன் கேட்கிறீர் என்றார். சும்மா என்றேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். பால் குடித்தாள், விளையாடினாள். ஒரு அழுகை இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

எனக்குத் தொண்டை சரியில்லை. அவ்வளவுதான். தொண்டை என்று எழுதும்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்குத் தொம்மை ஒன்றும் சொல்லவில்லை. கையைக் காட்டினார். காய்ச்சல் இல்லை, காது கொஞ்சமாக வடிகிறது, சொட்டு மருந்து விட்டாயிற்று. கேட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார். ஆனால் இரண்டு முறுக்கு தின்றார். இப்படிக்கு, மைதீன்.

செப்டம்பர் 22, திங்கள்

ரகசியம் பேசுகிற மாதிரி சொல்கிறேன், மைதீன் காதை என் வாயருகே கொண்டுவந்து எழுதுகிறார்.

தெருவில் என் சத்தம் கேட்கவில்லை என்று ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்க்கிறார்கள். பிலோமினா கஷாயம் கொண்டுவந்தாள். சலேத்து என் முகத்துக்கு நேரே, "வாதம் ஏதும் இழுத்திருக்கோ? வாயை 'ஈ'ன்னு காட்டுங்க பாப்போம்" என்றாள். காட்டினேன். "பல்லு போயிட்டு, மத்தபடி நல்லாத்தான் இருக்கு," என்றாள். எங்கள் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். போகும்போது, "கிறிஸ்துமஸ் ஏலத்துக்குள்ள சரியாயிரும்ல?" என்று கேட்டார். ஜெபத்தின் கருத்து அப்போதுதான் விளங்கியது.

பிள்ளையிடம் பேசுவதில்லை. தூக்குகிறேன், மருந்து விடுகிறேன், குளிக்கும் முன்னால் பஞ்சில் வாசலின் தடவிக் காதில் வைக்கிறேன், ஆட்டுகிறேன். வாய் திறப்பதில்லை. அவள் என் வாயைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள்.

கில்டாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு போட்டு வைத்துவிட்டுப் போகிறாள். என்னவோ, பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் போலிருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். பேனாவில் மை இருக்கிறதா பாரும்.

காதை மறுபடி காட்ட வேண்டிய நாள். கில்டா லீவு போட்டிருந்தாள். ஆட்டோவில் மூணு பேரும் போனோம். டாக்டர் இசக்கியம்மாளுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும், சிரித்த முகம். சின்ன விளக்கு வைத்த குழாயைக் காதுக்குள் விட்டுப் பார்த்தார். "ஓட்டை அழகா மூடிட்டு," என்றார். பிள்ளையின் உச்சியில் ஒரு முத்தம் வைத்தேன்.

"பகல்ல பாக்கிறது தாத்தாதானே? எப்படி இருந்தா தாத்தா?"

"நல்லா இருந்தா" என்று காற்றில் சொன்னேன்.

"தொண்டை என்னாச்சு உங்களுக்கு?"

அவ்வளவுதான், கில்டா பொங்கிவிட்டாள். "தொண்டை எல்லாம் இல்ல டாக்டர். ரெண்டு வாரமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போறதாலதான் காது கிழிஞ்சதுன்னு கோவம். திட்டினாக்கூடப் பரவால்ல டாக்டர். பேசாம இருக்காங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரெண்டு வாரமாக இந்தப் பெண் இதையா நினைத்துக்கொண்டிருந்தாள்?

"ஐயோ, இல்லம்மா!"

அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்துவிட்டது. மேசையில் இருந்த பேனா உருண்டது. வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நர்ஸ் ஓடிவந்தாள். மெரின் மட்டும் என் பக்கம் திரும்பிக் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"கிழிச்சது நான்தாம்மா. குருசடி ஏலத்துல, இடுப்புல வெச்சுக்கிட்டுக் கூவினேம்லா? அழுத்தம் தாங்காமன்னு நீதான சொன்ன? செல்லையா கடை கிளாஸே உடைஞ்சிருக்கு. இது பச்சைப் பிள்ளைக் காது."

கில்டா என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தாள்.

டாக்டர் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார். மரியாதை தெரிந்த பெண். ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறதாம். பெரியவர்களுக்குச் சாய்வாக இருக்கும், பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுக்கையாக இருக்குமாம். சளி பிடித்தால் அது அடைத்துக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். சீழ் உள்ளிருந்து நெருக்கி நெருக்கிச் சவ்வில் ஓட்டை போடும். அழுத்தம் என்றது அந்த அழுத்தம். ஓட்டை விழுந்ததும் வலி நின்றுவிடும். அதனால்தான் ஏலத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியிருக்கிறாள்.

"வெளியில இருந்து நீங்க கூவினதால ஒண்ணும் ஆகல. உங்க மேலயும் தப்பில்ல, அம்மா மேலயும் தப்பில்ல. சளிக்கு ஆள் பேர் தெரியாது."

எல்லாம் முடிந்தது என்று எழுந்தோம். டாக்டர் எழவில்லை. பிள்ளைக்குப் பின்னால் போய் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு பக்கம் ஆட்டினார். திரும்பவில்லை. "மெரின்" என்று கில்டாவைப் பின்னாலிருந்து கூப்பிடச் சொன்னார். பிள்ளை தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சவ்வு மூடிட்டு. ஆனா ரெண்டு காதுலயும் சவ்வுக்குப் பின்னால தண்ணி நிக்குது. நிறையப் பிள்ளைகளுக்கு இப்படி நிக்கும், தானா வத்தும். அதுவரைக்கும் சத்தம் மங்கலாத்தான் கேக்கும். தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கிற மாதிரி."

எனக்கு அது தெரியும். இளவட்டத்தில் சங்கு குளிக்கப் போயிருக்கிறேன். மேலே வள்ளத்திலிருந்து என் அப்பா கூப்பிடுவார். ஏதோ ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

டிசம்பர் வரை பார்க்கலாம் என்றார். வற்றாவிட்டால் சின்ன ஆபரேஷன், ஒரு பொடிக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். அதுவரை பேச்சுப் பழகும் வயசு வீணாகிவிடக் கூடாது. "முகத்துக்கு நேரா வாங்க. கிட்ட வந்து, தெளிவா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. படுக்க வெச்சுப் பால் குடுக்காதீங்க." என்னைக் காட்டினார். "இவர் குரல் மட்டும் கேட்டுச்சு பாத்தீங்களா? இவரை மாதிரி."

"டாக்டர், கொஞ்சம்னு சொன்னீங்க," என்றாள் கில்டா.

வீட்டுக்கு வந்து மைதீனிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஓய், மழைல நனைஞ்ச கிளாஸ்ல கொதிக்கக் கொதிக்க டீயை ஊத்தினா அது விரியாம என்ன செய்யும்? அதைப் போய் உம்ம குரல்னு இத்தனை வருஷம் நம்பிக்கிட்டா இருந்தீரு?" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உம்ம மீசையைப் பாக்க நல்லா இருந்துச்சு," என்றார்.

அக்டோபர் 4, சனி

உத்தரவு வந்துவிட்டது. டாக்டர் உத்தரவு. இனி என்னை யார் கேட்பது?

இட்லி வந்தால் அவள் முகத்துக்கு முன்னால் போய், "இந்தா வருது இட்லீ! ஆவி பறக்குது! யாருக்கு வேணும் இட்லீ!" என்று கூறுகிறேன். கையைத் தூக்கினால் ஊட்டுகிறேன். குளிக்கத் தண்ணீர், செருப்பு, காக்கா, பால் புட்டி எல்லாவற்றுக்கும் ஏலம். பிலோமினா தன் வீட்டிலிருந்தே, "மாமா, அந்த இட்லியை நானே எடுத்துக்கிடுதேன், பேசாம இருங்க!" என்று கத்துகிறாள்.

கில்டாவும் பழகுகிறாள். வகுப்பெடுத்து எடுத்து மெல்லிசாகிப்போன குரல் அது. "மெரின்! அம்மா! அம்மா வந்தாச்சு!" என்று கத்திவிட்டு வெட்கப்படுகிறாள். "வயித்துல இருந்து எடுக்கணும் தாயி, தொண்டைல இருந்து இல்ல," என்றேன். எடுத்தாள். தெரு நாய் எழுந்து போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

ரீகன் போனில் முகம் காட்டினான். அவன் பேசியது பிள்ளைக்குக் கேட்கவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு அவன் சொல்வதையெல்லாம் அவளுக்குக் கூறினேன். "செல்லக்குட்டின்னு சொல்லுதான்! முத்தம் குடுக்கானாம்! ஒரு முத்தம், ரெண்டு முத்தம்!" கப்பலில் அவனோடு நின்ற பிலிப்பைன்ஸ்காரப் பையன்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ரீகன், "அப்பா, நீங்க போனை வெச்சாலும் இங்க கேக்கும்" என்றான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்குப் பண்டிகை இல்லை, ஆனால் தெருவுக்கு உண்டு. பலகாரம் நாலு வீட்டிலிருந்து வந்தது. அதிரசம் நன்றாக இருந்தது.

எதிர்வீட்டுக்குச் சிவகாசியிலிருந்து சொந்தக்காரர்கள். மத்தியானம் பெரிய பட்டாசுச் சரத்தை நீளமாக விரித்துக் கொளுத்தினார்கள். அந்த வீட்டுக் கைக்குழந்தை அலறியது. பிலோமினாவின் பேரன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். மெரின் என் மடியில் தூங்கினாள். சரம் முடியும்வரை இமைகூட அசையவில்லை.

"தைரியசாலி," என்றேன். மைதீனும் "தைரியசாலி" என்று எழுதிக்கொண்டார். கில்டா அடுக்களையிலிருந்து வந்து பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போனாள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், சந்தியாகு. சின்னதில் அவனுக்கும் காது வடியும். பூண்டு எண்ணெய் விடுவார்கள், பஞ்சு வைப்பார்கள், அடுத்த மாசம் மறுபடி வடியும். அப்படியே கேட்காமல் போயிற்று. ஆள் கெட்டிக்காரன். ரெண்டு வள்ளம் தள்ளி நிற்பவன் உதட்டைப் பார்த்தே என்ன பேசுகிறான் என்று சொல்வான். ஏலத்தில் எனக்கு அது ரொம்ப உபயோகம். வியாபாரிகள் ரகசியமாகப் பேசிக்கொள்வதை எல்லாம் எனக்குச் சாடை காட்டிவிடுவான். நன்றாகத்தான் இருந்தான். கல்யாணம் முடித்தான், மூணு பிள்ளைகள். நன்றாகத்தான் இருந்தான்.

என் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று மைதீனிடம் கேட்டேன். டைரியில் கிழிக்கக் கூடாது என்கிறார்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. மூக்கு ஒழுகுகிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. மறுபடியுமா?

மைதீன் இன்னும் ஏதாவது எழுதட்டுமா என்றார். வேண்டாம்.

நவம்பர் 17, திங்கள்

டாக்டர் பார்த்துவிட்டார். இது வெறும் சளிதான், காதுக்குப் போகவில்லை என்றார். "உக்கார வெச்சே பால் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். உட்கார வைத்துத்தான். சில சமயம் நானும் கூடவே உட்கார்ந்து தூங்கிவிடுகிறேன் என்றேன்.

சாயங்காலம் சலேத்துக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். எதுக்கு என்றாள். சும்மா என்றேன். "அன்னைக்குத் தொண்டை போச்சு, இப்ப புத்தியும் போச்சு," என்று சொல்லிக்கொண்டே தின்றாள்.

நவம்பர் 26, புதன்

மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, கில்டாவும் வீட்டில். பிள்ளை நாற்காலியைப் பிடித்து நிற்கிறாள். நிற்பது மட்டுமில்லை. ஒரு கையைத் தூக்கி, வாயை அகலமாகத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. மைதீன்தான் முதலில் பார்த்தார். "ஓய், அது நீரு!"

ஏலம் கூறுகிறாள். வாய் மட்டும்.

கில்டா விழுந்து விழுந்து சிரித்தாள். மைதீனும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் வெளியே போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

மைதீன், ஒரு வார்த்தை விடாமல் எழுதும்.

அடைமழை, பள்ளிக்கூடம் லீவு. கில்டா வீட்டில் இருந்தாள். மழை விட்டதும் நான் கடற்கரைக்குப் போய் நாலு விளமீன் வாங்கி வந்தேன். பிள்ளை கூடத்தில் பாயில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளருக்குள் கையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். வழக்கப்படி வாசலிலிருந்தே, "விளமீனேய்! துள்ளுது விளமீனேய்!" என்று ஒரு குரல் கொடுத்தேன்.

டம்ளர் பறந்தது.

பிள்ளை உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. முகம் கோணியது. ஒரு மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு அலறல்! என் வம்சத்து அலறல்!

கில்டா கரண்டியோடு ஓடிவந்தாள். "மாமா, என்ன செய்தீங்க?"

"பயந்துட்டா!"

"அதான் கேக்கேன், என்ன செய்தீங்க?"

"ஏம்மா, என்னைப் பாக்கல, முதுகு காட்டி இருந்தா. கூவினேன், பயந்துட்டா! என் குரலைக் கேட்டுப் பயந்துட்டா கில்டா!"

இந்த ரெண்டு மாசமாக அவள் காதோரம் எப்படியெல்லாம் கூவியிருக்கிறேன். சிரிப்பாள், கை தட்டுவாள். பயந்தது கிடையாது. பிள்ளை அழ அழ நான் மீன் பையோடு ஆடினேன். "அழு என் தங்கமே! அழு என் ராசாத்தி! தாத்தா சத்தம் பொல்லாத சத்தம், நல்லா அழு!" பிலோமினா ஓடிவந்து வாசலில் நின்றாள். கிழவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். விளமீன் ஒன்று பையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது.

கில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைச் சும்மா இருக்கச் சொல்லிக் கை காட்டினாள். இருந்தேன். பூனை மாதிரி பிள்ளைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வயித்திலிருந்து எடுக்கவில்லை. அவளுடைய சொந்த மெல்லிசுக் குரலில், கடையில் மிச்சச் சில்லறை கேட்கிற மாதிரி, "மெரின்," என்றாள்.

விக்கி விக்கி அழுதுகொண்டிருந்த பிள்ளை நிறுத்தினாள். திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தச் சத்தம் இதிலிருந்தா வருகிறது என்று கேட்கிற மாதிரி, அவள் வாயில் விரலை விட்டாள்.

"மெரின்," என்றாள் கில்டா மறுபடியும், விரலைக் கவ்விக்கொண்டே.

பிலோமினாதான் மீனைப் பொறுக்கி எடுத்துக் கழுவி வைத்தாள்.

டிசம்பர் 12, வெள்ளி

டாக்டர் குழாயை விட்டு ரெண்டு காதையும் பார்த்தார். வலது காதில் தண்ணீரே இல்லை. இடதில் பொட்டளவு, அதுவும் போய்விடும். ஆபரேஷன் வேண்டாம். கிலுகிலுப்பையை ஆட்டுவதற்குள் பிள்ளை திரும்பிப் பிடுங்கிக்கொண்டாள்.

"தாத்தா, இனிமே நீங்க கொஞ்சம் மெதுவாப் பேசலாம்," என்றார் டாக்டர்.

கில்டா கையெடுத்துக் கும்பிட்டாள். "எழுதிக் குடுங்க டாக்டர். சீட்டுல மருந்து மாதிரி எழுதிக் குடுங்க."

எழுதியே கொடுத்துவிட்டார். கில்டா அதைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். எனக்குத்தான் எழுத்து தெரியாதே என்றேன். அப்படியானால் தினமும் வாசித்துக் காட்டுவாளாம்.

பிள்ளை என் தோளில் தூங்குகிறாள். இப்போதெல்லாம் காகம் கரைந்தாலும் விழித்துக்கொள்கிறாள், மைதீன் பேனா மூடியைத் திறந்தாலும் விழித்துக்கொள்கிறாள். அதனால் இதை நான் மூச்சிலேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மைதீன் குனிந்து குனிந்து, "என்னவே? கேக்கல. இன்னொரு தரம் சொல்லும்" என்கிறார்.

பாதி விட்டுப்போயிருக்கும். போகட்டும். இதற்கு மேலே சத்தமாகச் சொல்ல முடியாது.